எம், கே, செமிகோலன், கே, ஹெச்

பதினேழு சதவீதம். பத்தரை மணிக்கும் பதினேழு, பதினொன்றே காலுக்கும் பதினேழு. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, முகத்தைக் கழுவி, சும்மா அந்தப் பக்கம் போகிறவன் மாதிரி ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்தாலும் அதே பதினேழு. அருளப்பன் திரும்ப வந்து உட்கார்ந்தான். லேப்டாப் திரையில் பச்சைக் கோடு ஒரு விரற்கடை ஓடி, அதற்கு மேல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. டிவிக்குப் பக்கத்தில், மாதா படத்துக்கு நேர் கீழே, பெட்டி முனகிக்கொண்டிருந்தது. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு அகராதியைச் சேர்த்து நிறுத்தின அளவுதான். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், வெளியே ஒரு நீல விளக்கு. வீட்டில் இருக்கிற போன், லேப்டாப் எதிலிருந்தும் வைஃபை வழியாக அதற்குள் போட்டு வைக்கலாம், எடுக்கலாம். பாலக்கரை ரஹ்மத்துல்லா பாய் கடையில் பழசாக வாங்கியது. வாங்கும்போதே பாய் படித்துப் படித்துச் சொன்னார், 'அண்ணே, இதுக்கு மெமரி கம்மி. இருநூத்தம்பத்தாறு எம்பிதான். சும்மா போட்டு வைக்கிறதுக்கு வெச்சுக்குங்க, வேலை மட்டும் வாங்காதீங்க' என்று. கேட்டானா? கேட்டால் அவன் அருளப்பன் இல்லையே. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறார்கள், மனைவி பிலோமி எழுதி வைத்த அறுநூற்றுப் பதினோரு பக்கத்தையும் நகல் எடுத்துப் போக. போனில் பேசின அந்த அம்மா, 'வைரஸ் எதுவும் இல்லாமப் பாத்துக் குடுத்துடுங்க சார்' என்று ஒரு வார்த்தை சொன்னார். யாராவது சார் என்றுவிட்டால் போதும், இவன் தரையில் நிற்கமாட்டான். பிலோமி பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் சுத்தமாகத் துடைத்து வைத்து, 'முடிச்சாச்சு' என்று சாதாரணமாகச் சொல்லவேண்டும் என்று ஆசை. ஆன்ட்டிவைரஸை இறக்கிப் பெட்டியின் தலையில் ஏற்றிவிட்டான். இப்போது அது மூச்சு வாங்குகிறது. நீல விளக்கு விடாமல் துடிக்கிறது. சனிக்கிழமை அரை நாள். ஒன்றே காலுக்குக் கேட் சத்தம் கேட்கும்.

அறுநூற்றுப் பதினொன்று. வேறு எங்கேயும் இல்லை, இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்க என்று அவள் எத்தனை தடவை சொன்னாள், இவன் எத்தனை தடவை 'பாத்துக்கலாம்' என்றான். பாத்துக்கலாம், பாத்துக்கலாம். இப்போது பார். காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக டீச்சர் அவள். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வரும், நாலு வயசு, ஐந்து வயசு. வீட்டில் யாரும் சைகை சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் வெறுங்கையோடு ஒரு பிள்ளையும் வராது. பசிக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, அப்பா அடிப்பார் என்பதற்கு ஒன்று என்று தானாகவே ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கும். வீட்டுக்கு வீடு வேறு, பிள்ளைக்குப் பிள்ளை வேறு. பள்ளிக்கூடத்துச் சைகை படிய ஆறு மாதம் ஆகும். அது படிந்ததும் பழசு அழிந்துபோகும், பிறகு அந்தப் பிள்ளையையே உட்காரவைத்துக் கேட்டாலும் தெரியாது, சிரிக்கும். அதனால் பிலோமி வந்த முதல் வாரமே பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்வாள், ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். போட்டோ இல்லை, படம் இல்லை, வெறும் எழுத்து. ஆள்காட்டி விரல் இப்படி, உள்ளங்கை அப்படி என்று. எதற்கு இதெல்லாம் என்று கல்யாணமான புதிதில் இவன் கேட்டிருக்கிறான். 'ஒருத்தர் பேசின பாஷைங்க. அவங்களோட அது முடிஞ்சு போச்சுன்னா பாவம் இல்லியா' என்றாள். அப்போது இவன் தில்லைநகரில் ஒரு டிடிபி சென்டரில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தான். அவள் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வருவதை இவன்தான் சென்டரில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தான். முதல் இருநூற்றுப் பதினான்கு பக்கமும் இவன் கை. அடித்து முடித்ததும் துண்டுத்தாளைக் கிழித்துக் கூடையில் போட்டதும் இதே கைதான். சுத்தம் பார்க்கிறவன் அல்லவா. பிறகு சென்டரை மூடிவிட்டார்கள், இவன் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கப் போய்விட்டான், மிச்சத்தை அவளே போனில் அடித்துக்கொண்டாள். பதினேழு. அசையவில்லை. கிழிக்காமல் இருந்திருக்கலாம். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

அவள் கத்துகிறவளாக இருந்தாலாவது பரவாயில்லை. கத்தமாட்டாள். 'விடுங்க' என்பாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவனுக்குக் குலை நடுங்கும். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மகள் அமலி சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கின புதுநன்மைப் படங்கள் எல்லாம் ஒரு டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருந்தன. வெளியே பளீர் பளீர் என்று மின்னல். இவன் பயந்துபோய் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். விளக்கு துடித்துக்கொண்டிருந்தது, துடிக்கும்போது பிடுங்கக்கூடாது என்று தெரியும், தெரிந்தும் பிடுங்கினான். டிஸ்க் போயே போய்விட்டது. வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம், மெழுகுவத்தி பிடித்த கை, ஒன்றும் இல்லை. பிலோமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். இவன் சொன்னதைக் கேட்டாள். களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். 'விடுங்க' என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு பேச்சு கிடையாது. அமலிக்குக் கல்யாணமாகிப் பெங்களூருக்கே போயாகிவிட்டது, இன்னும் யாராவது வீட்டில் புதுநன்மைப் படம் மாட்டியிருந்தால் பிலோமி அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்காருவாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இவனுக்கு அந்த விடுங்க காதில் விழும். அன்றையிலிருந்து எந்தப் பிளக்கைத் தொட்டாலும், மிக்ஸியாக இருந்தாலும், ஒரு தடவை விளக்கு துடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவான். மிக்ஸியில் ஏது விளக்கு? இருந்தாலும் பார்ப்பான்.

பாய்க்குப் போன் போட்டான். 'பாய், பதினேழுலயே நிக்குது.' 'நிக்கத்தாண்ணே செய்யும்' என்றார் பாய். பின்னால் கடையில் யாரோ டேப் கிழிக்கிற சத்தம். 'அந்த ஆன்ட்டிவைரஸுக்கு உக்கார எடம் வேணும்ல? உங்க பெட்டிக்குள்ள அதுக்குக் காலை நீட்டவே எடமில்ல. ஏறும், மூச்சு முட்டும், விழும், மறுபடி மொதல்லேருந்து ஏறும். ஒண்ணு செய்ங்க. அதை நிறுத்திட்டுப் பெட்டியை முறையா அணைச்சு ஏத்துங்க. மொத்தத்தையும் தேடச் சொல்லாதீங்க, எது முக்கியமோ அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டுங்க.' முறையாக என்றால் திரையில் அணை என்று இருப்பதை அழுத்தி, விளக்கு தானாக அணையும்வரை காத்திருப்பது. இவனுக்குக் காத்திருக்கச் சொல்லித்தரவேண்டுமா. ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அணைந்தது. போட்டான். ஏறியது. பிலோமியின் ஃபோல்டரை மட்டும் காட்டினான். ஓடியது! இருபது, நாற்பது, எழுபது. மாதாவே ஸ்தோத்திரம் என்று வாயைத் திறக்கும்போது நூறு என்று வந்து, திரை முழுக்கச் சிவப்பு. தொற்று உள்ள கோப்புகள்: இருநூற்றுப் பதினான்கு. ஒன்று முதல் இருநூற்றுப் பதினான்கு வரை, ஒன்றுவிடாமல். அது தெரிந்த எண் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. ஒன்றாம் நம்பரைத் திறந்தான். தமிழ் இல்லை. ஆங்கிலம் மாதிரி, ஆனால் ஆங்கிலமும் இல்லை. எழுத்தும் புள்ளியும் காற்புள்ளியுமாகக் குப்பை. ஐந்தைத் திறந்தான், குப்பை. நூற்றைம்பதைத் திறந்தான், குப்பை. போன மாதம் பேப்பரில் படித்தானே, யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒரு கம்பெனியின் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டான், திறந்தால் புரியாத எழுத்தாக இருந்தது என்று. அது ஊர் உலகத்தில் நடப்பது என்று நினைத்தான். இங்கே, கருமண்டபத்தில், மாடிப்படிக்குக் கீழே செருப்பு ஸ்டாண்ட் இருக்கிற இந்த வீட்டுக்குள், மாதா படத்துக்குக் கீழேயே வந்து பூட்டிவிட்டுப் போய்விட்டானே பாவி.

'பாய், எல்லாம் போச்சு பாய். இருநூத்திப் பதினாலு சிவப்பா வருது, எவனோ பூட்டிட்டான்.' 'என்ன எழுதியிருக்கு, படிங்க' என்றார் பாய். 'படிக்கிற மாதிரி இல்ல. எம், கே, செமிகோலன், கே, ஹெச்.' 'அடுத்ததைத் திறங்க.' திறந்தான். 'இதுலயும் மொதல்ல அதேதான் பாய். எம், கே, செமிகோலன், கே, ஹெச்.' 'இன்னொண்ணு?' 'அதே.' 'எல்லாத்துலயும் மொதல்ல அதே அஞ்சு எழுத்துன்னா... முத்திரை குத்தின மாதிரி இருக்குண்ணே. அது பூட்டினவன் வெச்ச அடையாளமாத்தான் இருக்கும். நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல, ஆனா அப்படித்தான் தோணுது. மிச்சம் எத்தனை நல்லா இருக்கு?' 'முந்நூத்தி தொண்ணூத்தி ஏழு.' எண்ணாமலே சொன்னான். 'அப்ப அதைக் காப்பாத்துங்க. இது அதுக்குப் பரவுறதுக்குள்ள சிவப்பா இருக்கிறதை எல்லாம் தனியா ஒதுக்கச் சொல்லுங்க.' ஒதுக்கு என்பதை அழுத்தினான். போதிய நினைவகம் இல்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினான். போதிய நினைவகம் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு பொத்தான்தான் இருந்தது, அழி. பாய் போனில் இருந்தார், இவனும் இருந்தான், இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்றேழு பிள்ளைகள் ஒரு பக்கம் நிற்கின்றன. இருநூற்றுப் பதினான்கு ஏற்கெனவே செத்துவிட்டன, செத்ததைத்தான் எடுக்கிறோம், செத்ததைத்தான் என்று மூன்று தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான். பிலோமியிடம் பாதி போச்சு என்று சொல்லலாம். மொத்தமும் போச்சு என்று எப்படிச் சொல்வது? அழி. நிச்சயமா என்று கேட்டது. ஆம். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினான். மணி பன்னிரண்டு ஐம்பது.

பெட்டி ஒன்றைக்கூட வெடுக்கென்று செய்யாது. ஒன்றாம் நம்பர் நீங்கியது என்று வர முக்கால் நிமிஷம். இரண்டாம் நம்பர், இன்னொரு முக்கால் நிமிஷம். பாய் போனை வைத்துவிட்டார். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது? பிலோமி, ஒரு விஷயம். இல்லை, முதலில் சாப்பிடட்டும். சாப்பாட்டில் உட்காரவைத்துச் சொல்வதா? கழுத்தை அறுக்கிற வேலை. எழுதிக் காட்டிவிடலாம். எல்லாவற்றிலும் என்ன இருந்தது என்று காட்டினாலாவது நம்புவாள், இவன் கை வைத்துக் கெடுக்கவில்லை, வெளியிலிருந்து எவனோ வந்து கெடுத்தான் என்று. அந்த ஐந்தையும் ஒரு வெற்றுப் பக்கத்தில் அடித்து வைக்கலாம் என்று லேப்டாப்பில் கையை வைத்தான். பெட்டி எதுவரை வந்திருக்கிறது? மூன்றாம் நம்பர் நீங்கியது. எம். கே. செமிகோலன். கே. ஹெச். அடித்துவிட்டுக் கையைப் பார்த்தான். கை விசைகளைத் தேடவே இல்லை. கண் தேடுவதற்கு முன்னால் விரல்கள் தாமாகப் போய் விழுந்திருந்தன, ஆடிப் பழகின பிள்ளை தாளத்துக்குக் கால் வைக்கிற மாதிரி. இன்னொரு தடவை அடித்தான். நான்கு நீங்கியது. வலது கை மட்டும் வேலை செய்கிறது. இது என்னமோ. இது எனக்குத் தெரியும். டிடிபி சென்டர், டியூப்லைட், பக்கத்தில் அவளுடைய துண்டுத்தாள், மேலே முதல் வரி, கடைசியில் பெயர். எல்லாப் பிள்ளைக்கும் முதல் சொல் ஒன்றுதான், ஏனென்றால் எல்லாப் பிள்ளையும் முதலில் சைகை உண்டாக்குவது ஒரே ஆளுக்குத்தான். எம் அடித்தால் அ. கே அடித்தால் ம, செமிகோலன் அதற்குப் புள்ளி. கே, ம. ஹெச், கால். பாமினி! அந்தக் காலத்துப் பாமினி எழுத்து! இந்த லேப்டாப்பில் அது இல்லை, அதனால் அடித்த விசைகளை அப்படியே காட்டுகிறது. பூட்டும் இல்லை ஒன்றும் இல்லை. பதினாறு வருஷம் அந்த எழுத்தைத் தட்டித் தட்டியே சோறு தின்ற மடையன், கண் தாளில் இருந்தது, கை விசையில் இருந்தது, கையைப் பார்த்ததே இல்லையே! சிவப்பு என்றால் சென்டர் கம்ப்யூட்டரில் என்றைக்கோ ஒட்டின செத்த வைரஸின் கறை. இருநூற்றுப் பதினான்கிலும் முதல் சொல்லாக உட்கார்ந்திருப்பது அம்மா. ஐந்து நீங்கியது.

ஐயோ. நிறுத்து. நிறுத்து பொத்தானை அழுத்தினான். பதில் இல்லை. மறுபடி. பெட்டி பதிலளிக்கவில்லை, காத்திருக்கவும். எங்கே காத்திருக்க? அதற்கு இருக்கிற துளி நினைவில் அழிப்பதற்கு மட்டும்தான் இடம், இவன் சொல்வதைக் கேட்க இடமில்லை. வைஃபையை அணைத்தான். அது பாட்டுக்கு உள்ளே துடித்துக்கொண்டிருந்தது, வெளியே என்ன நடந்தால் அதற்கென்ன. ஓடிப்போய் டிவி ஸ்டாண்டுக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தான். பிளக் கைக்கு எட்டியது. நீல விளக்கு துடிக்கிறது. துடிக்கும்போது பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் டிஸ்க் போகும், மிச்சம் இருக்கிற அத்தனையும் போகும், அந்த முந்நூற்றுத் தொண்ணூற்றேழும் சேர்ந்து போகும். பிடுங்காவிட்டால் இந்த முக்கால் நிமிஷத்துக்கு ஒன்று, அடுத்த முக்கால் நிமிஷத்துக்கு ஒன்று. வெள்ளைக் கவுன். பூ வளையம். களைந்த தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கை பிளக்கில் இருக்கிறது, பிடுங்கவும் வரவில்லை, எடுக்கவும் வரவில்லை. விளக்கு துடிப்பதற்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதா, அந்த இடைவெளியில் பிடுங்கலாமா என்று பார்த்தான். துடிப்பு, துடிப்பு, கொஞ்சம் நிற்கிறது, துடிப்பு. இன்னும் ஒன்று போயிருக்கும். அந்தப் பாவமும் இவன் தலையில்தான். மாதாவே, நீயும் ஒரு அம்மாதானே, என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டு, துடிப்பு நின்ற அந்த இமைப்பொழுதில் பிடுங்கினான். முனகல் நின்றது. வீட்டில் அவ்வளவு சத்தமும் அந்தப் பெட்டிதான் போட்டுக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நூறு வரை எண்ணினான். நடுவில் விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். பிளக்கைச் சொருகினான். விளக்கு சிவப்பாக வந்தது, சிவப்பாகவே நின்றது, நின்றுகொண்டே இருந்தது, பிறகு ஒரு பீப் சத்தம், நீலம். வைஃபையைப் போட்டு ஃபோல்டரைத் திறந்தான். இருந்தன. எட்டாம் நம்பரிலிருந்து இருந்தன. அறுநூற்று நான்கு. அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்தபோது கேட் சத்தம் கேட்டது.

பிலோமி உள்ளே வந்தாள். பையைக் கழற்றாமலே இவனைப் பார்த்தாள். 'ஏங்க, என்னாச்சு? ஏன் கீழ உக்காந்திருக்கீங்க?' சொன்னான். எதையும் மறைக்கவில்லை, பாய் பேரைக்கூட இழுக்கவில்லை, நான்தான் அழுத்தினேன் என்றான். 'எத்தனை?' 'ஏழு.' 'எந்த ஏழு?' 'மொத ஏழு.' அவள் வாய் அசைந்தது. அந்த விடுங்க வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று இவன் கண்ணை மூடிக்கொண்டான். வரவில்லை. திறந்து பார்த்தால் அவள் பையோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை மூக்கின் இடது பக்கம் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். 'ரோஸ்லின்' என்றாள். 'அவ அம்மா மூக்குத்தி போட்டிருக்கும்.' இவன் லேப்டாப்பை இழுத்து மடியில் வைத்து அடித்தான். திரையில் குப்பைதான் வந்தது, வந்தால் வரட்டும், இவனுக்குப் படிக்கத் தெரியும். அடுத்த பிள்ளைக்குத் தன் தோளில் இரண்டு விரலால் தட்டினாள், அம்மாவின் முந்தானை. மூன்றாவது, நெற்றியைப் புறங்கையால் துடைக்கிற சைகை, அவன் அம்மா செங்கல் சூளையில் வேலை. மழை, பசி, நாய் என்று ஒவ்வொன்றாக அவள் கை பேசப் பேச இவன் விரல் ஓடியது. நாலாவது பிள்ளைக்கு அவளுக்கு நாய் மறந்துவிட்டது, ஆனால் அம்மா வந்தது. ஐந்தாவதற்கு வந்தது, ஆறாவதற்கு வந்தது. பையை இன்னும் கழற்றவில்லை. 'ஏழு, செவந்தி' என்றாள். 'மணப்பாறைப் பக்கம். பத்தொம்போதே நாள்தான் இருந்துச்சு, வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.' இவன் எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பிலோமியின் வலது கை எழும்பி, கன்னம் வரை வந்தது. அங்கேயே நின்றது. விரல்கள் விரிந்தன, மடங்கின, திரும்ப விரிந்தன. எதுவும் ஆகவில்லை. சொல்லிவிடாதே பிலோமி, அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை அவள் இறக்கவில்லை.

'இருங்க' என்றாள்.